தானே அணைந்து தானே எழும் கணிப்பொறி

இல்லத்தில் கணிப்பொறி – மாதப் பகுதி



சென்ற வைகாசி மாதத்தில் பாபநாசம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி இப்பகுதிக்கு மடல் வரைந்திருந்தார். அதன் சாரத்தைக் கீழே தருகின்றேன்.

“பெருமதிப்பிற்குரிய சகோதரர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். என் கணவர் சபுராளி. நான் வீட்டின் முன்கட்டில் கணிப்பொறி ஒன்றை வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பித் தருகிறேன். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணிப்பொறி திடீரென்று அணைந்து, தானாகவே மறுபடி தொடங்குகிறது. நேற்று ஒரு பிள்ளையின் மதிப்பெண்களை எல்லாம் பதிந்து முடிக்கும் தறுவாயில் மூன்று முறை அப்படி ஆயிற்று. அந்தப் பிள்ளையின் அம்மா வெளியில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து, ‘எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும், அதிலும் சரியாகாவிட்டால் புதுக் கணிப்பொறிதான் வாங்க வேண்டும்’ என்கிறார். வளையலை விற்றாவது வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன். தங்கள் ஆலோசனை என்ன?”

வளையலை விற்க வேண்டாம் என்று அன்றே பதில் எழுதினேன். இம்மாதம் அவருடைய இரண்டாம் மடலும் வந்து சேர்ந்துவிட்டது. இதே தொல்லையால் வருந்தும் பிறருக்கும் பயன்படும் என்பதால், நான் அவருக்கு எழுதியவற்றை விரிவாக இங்கே தருகின்றேன்.

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்கும் பொதுவான அறிகுறி. கணிப்பொறி தானாக அணைந்து எழுவதும் அத்தகையதே. உலகம் இதைப் பலமுறை கண்டிருக்கிறது.

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘பிளாஸ்டர்’ என்னும் நச்சுநிரல் பரவியபோது, திரையில் அறுபது வினாடிக் கெடு ஒன்று தோன்றும். கெடு முடிந்ததும் கணிப்பொறி அணைந்து எழும். அங்கே குற்றவாளி நச்சுநிரல். அதே ஆண்டுகளில், மதர்போர்டின் மீது நிற்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்கள் தரக்குறைவால் தலை வீங்கி, உள்ளிருக்கும் திரவம் கசிந்து, எண்ணற்ற கணிப்பொறிகள் நிலைகுலைந்தன. இக்குறைபாட்டைச் சரிசெய்வதற்கென டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. அங்கே குற்றவாளி உதிரிப்பாகம்.

2024ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பித்தல் ஒன்றினால், ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டிச் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் விமானமேறும் அனுமதிச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே குற்றவாளி மென்பொருள். அதே 2024இல் இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் சில்லுகள் சிலவும் தேவைக்கு மீறிய மின்னழுத்தம் கேட்டுப் பெற்றதால் தள்ளாடின. அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் நீட்டித்தது.

இவற்றுள் எந்த ஒன்றிற்கும் மற்றொன்றின் மருந்து பயன்படாது. ஆகவே மருந்தைத் தேடுவதற்கு முன் நோயின் வேரைத் தேட வேண்டும். அதற்குரிய முதற்கேள்வி “என்ன கெட்டுவிட்டது?” என்பதன்று, “எப்போது அணைகிறது?” என்பதே!

எல்லாவற்றிற்கும் முன்னதான கடமை

அக்கேள்விக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. கணிப்பொறி ஐந்து நிமிடம் நிலைத்து நின்றாலும், அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் கோப்புகளைப் பென்டிரைவிலோ வெளிவட்டிலோ படியெடுத்து வையுங்கள். மற்றவையெல்லாம் அதற்குப் பின்னரே.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், என் உறவினர் வீட்டுக் கணிப்பொறி இவ்வாறே அணைந்து எழுந்தது. எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தில் அதை முழுவதுமாக அழித்துப் புதிதாக விண்டோஸ் நிறுவினேன். மறுநாளும் அது அணைந்து எழுந்தது. பிறகுதான் சுவர்ப்பெட்டியில் ப்ளக் தளர்ந்து ஆடியதைக் கண்டேன். ப்ளக்கைச் சரியாகப் பொருத்தியதும் தொல்லை ஒழிந்தது. ஆனால் மறைந்துபோன அவர் அத்தாவின் குரலைப் பதிந்து வைத்திருந்த கோப்பு அந்தக் கணிப்பொறியில் மட்டுமே இருந்தது. அதை நான் அழித்துவிட்டேன். அவர் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அதனாலேயே அது இன்றளவும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது.

கணிப்பொறிக்கு மாற்று உண்டு. அதனுள் இருப்பவற்றுள் சிலவற்றிற்கு மாற்றே இல்லை.

நம் பகுதியும் நம் மின்சாரமும்

இனி அக்கேள்விக்கு வருவோம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளில் வாழ்வோர் முதலில் ஐயுற வேண்டியது மின்சாரத்தையே என்பது என் கருத்து.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் கல்லணையை அடைந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, கடைமடை வரை செல்ல மேலும் பல நாட்களாகும். ஆற்று நீருக்குக் காத்திராமல், ஆழ்குழாய்க் கிணறு உடையோர் முன்கூட்டியே குறுவைக்கு நாற்றங்கால் விடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும்போது, ஊர்க்கோடியில் உள்ள வீடுகளுக்கு வந்து சேரும் மின்னழுத்தம் தாழ்ந்துவிடுகிறது. டியூப்லைட் கண்சிமிட்டுகிறது, மின்விசிறி சோம்பிச் சுழல்கிறது. மாணவர்கள் கல்லூரி விண்ணப்பம் போடும் பருவமும் அதுவே! பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியாகிவிட்ட பின்னர், கணிப்பொறி அணைந்தால் ஒரு பிள்ளையின் விண்ணப்பமே தடைபடுகிறது.

மின்விசிறி சோம்பலாகவேனும் சுழல்கிறதே, கணிப்பொறி மட்டும் ஏன் அணைய வேண்டும்? கணிப்பொறிப் பெட்டியினுள் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி இருக்கிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை அது 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருகிறது. “மின்சாரம் சீராக இருக்கிறது” என்று மதர்போர்டுக்கு இடைவிடாமல் ஒரு குறிப்பும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அக்குறிப்பு ஒரு கணம் அறுந்தாலும், மதர்போர்டு எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கும். அரைகுறை மின்சாரத்தில் தவறாகக் கணக்கிடுவதைவிட நிறுத்திக்கொள்வது மேல் என்பதே அதன் உட்கருத்து.

வெளிமின்சாரம் நின்றுபோனால் இந்த மின்வழங்கி தன்னிடமுள்ள சேமிப்பைக் கொண்டு எவ்வளவு நேரம் தாங்கும்? முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லி வினாடி மட்டுமே! நம் மின்சாரத்தின் ஓர் அலை முழுமையடைய 20 மில்லி வினாடி ஆகிறது. அதாவது, ஓர் அலை தவறினாலே கணிப்பொறிக்கு ஆபத்து. நம் கண்ணோ விளக்கில் ஒரு மின்வெட்டலைக்கூடச் சரியாகக் கண்டிருக்காது. மேலும், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 170 வோல்ட் மட்டுமே இருக்குமானால், சாதாரண மின்வழங்கிகளில் அச்சேமிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். எனவே குறை மின்னழுத்தமும் கணநேரத் தடங்கலும் கைகோத்து வரும்போது கணிப்பொறி வீழ்வதில் வியப்பில்லை.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். ஊர் ஊராக மின்கம்பங்கள் சாய்ந்து கிடக்க, வாடகை ஜெனரேட்டரை வைத்துத் தண்ணீர் இறைத்தோம். சீரற்று ஏறி இறங்கும் அத்தகைய மின்சாரத்தை நேரே கணிப்பொறிக்குக் கொடுப்பது, வயிற்றுவலிக்காரனுக்கு விருந்து வைப்பதை ஒக்கும்.

இன்வெர்ட்டரின் பின்னே ஒரு சிறு பொத்தான்

“எங்கள் வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே!” என்பீர்கள். மேற்படி சகோதரியும் அவ்வாறே எழுதியிருந்தார். தொல்லையின் முடிச்சு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இல்லங்களில் வைக்கும் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று ‘யு.பி.எஸ்.’ நிலை, மற்றது ‘நார்மல்’ அல்லது ‘எக்கோ’ எனப்படும் நிலை. பின்புறத்திலோ முன்புறத்திலோ இதற்கென ஒரு சிறு பொத்தான் இருக்கும். எக்கோ நிலையில், மின்சாரம் நின்றதும் பேட்டரிக்கு மாறச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் அது பொருட்டன்று. கணிப்பொறிக்கு அதுவே முடிவு. அன்றியும், அந்நிலையில் பல இன்வெர்ட்டர்கள் வெளிமின்சாரம் ஏறத்தாழ 100 வோல்ட்டாகத் தாழும் வரை அதையே வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கும். யு.பி.எஸ். நிலையிலோ, ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினாலே பேட்டரிக்கு மாறிவிடும். மாறுவதும் விரைந்து நடைபெறும்.

ஆகவே உங்கள் இன்வெர்ட்டரின் கையேட்டைப் பார்த்து, அதை யு.பி.எஸ். நிலையில் வையுங்கள். மின்னழுத்தம் அடிக்கடி தாழும் ஊர்களில் இதனால் பேட்டரி கூடுதலாகச் செலவாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இன்வெர்ட்டரில் இத்தகைய பொத்தான் இல்லாவிட்டால், கணிப்பொறிக்கென்று தனியே ஒரு சிறு யு.பி.எஸ். வைப்பதே முறை. ஏற்கெனவே யு.பி.எஸ். வைத்திருப்போர் அதன் பேட்டரி சில ஆண்டுகளில் மூப்படையும் என்பதை அறிய வேண்டும். மூத்த பேட்டரி, வெளிமின்சாரம் நின்ற நொடியில் கைவிட்டுவிடும்.

ஒரு குறிப்பேடும் ஒரு வாரமும்

மின்சாரம்தான் காரணம் என்று ஊகத்தால் முடிவு கட்டிவிடவும் கூடாது. அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன வழி இதுதான்: ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒரு வாரம் எழுதுங்கள். கணிப்பொறி அணைந்த நேரம், அப்போது வீட்டில் வேறென்ன ஓடிற்று, விளக்கு சிமிட்டியதா, கணிப்பொறி போட்டு எத்தனை நிமிடமாயிற்று, அதில் என்ன வேலை நடந்தது – இந்த ஐந்தை மட்டும் குறித்தால் போதும்.

விளக்கு சிமிட்டும் போதும், தண்ணீர் மோட்டார், கிரைண்டர், ஃபிரிட்ஜ் ஆகியவை தொடங்கும் போதும் அணைந்தால் – மின்சாரம், ப்ளக், எக்ஸ்டென்ஷன் பெட்டி, இன்வெர்ட்டர், எஸ்.எம்.பி.எஸ். என்ற வரிசையில் பாருங்கள். ப்ளக்கைத் தொட்டால் சூடாக இருந்தாலோ, ‘சடசட’ என்ற ஒலி கேட்டாலோ உடனே மின்பணியாளரை அழையுங்கள். அது கணிப்பொறியைவிட வீட்டுக்கே ஆபத்தானது.

போட்டு இருபது, முப்பது நிமிடம் கழித்தே அணைந்து, சற்று ஆறவிட்டால் மறுபடி ஓடினால் – வெப்பம். மூளைச்சில்லின் மீதுள்ள விசிறியில் தூசு அடைந்திருக்கும். அரிசி ஆலை, களம், சாலை ஆகியவற்றின் அருகிலுள்ள வீடுகளில் உமித்தூசு கம்பளி போலப் படிந்திருப்பதை நானே கண்டிருக்கிறேன். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, மென்மையான வண்ணத்தூரிகையால் தூசியை அகற்றுங்கள். விசிறி சுழல்கிறதா, வெப்பம் கடத்தும் உலோகப் பகுதி ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒருநாள் ஐந்து நிமிடத்திலும் மறுநாள் மூன்று மணியிலுமாக அணைந்தால் – ரேம் எனப்படும் நினைவகப் பட்டையை ஐயுறலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதன் பொன்னிறப் பற்களில் களிம்பு ஏறுவதுண்டு. மின்னிணைப்பைக் கழற்றி, வெறும் உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டு, பட்டையை மெல்ல எடுத்து, பென்சில் அழிப்பானால் அப்பற்களைத் தேய்த்து, துகளைத் துடைத்துப் பொருத்துங்கள். இரண்டு பட்டைகள் இருந்தால், ஒவ்வொன்றாக மட்டும் போட்டுப் பார்த்தால் எது குற்றவாளி எனத் தெரிந்துவிடும்.

மற்றொரு சோதனை மிக எளியது, செலவும் இல்லை. கணிப்பொறி தொடங்கும்போது ‘பயாஸ்’ அமைப்புத் திரையைத் திறந்து, அப்படியே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அத்திரையிலிருக்கும்போது விண்டோஸ் ஓடுவதே இல்லை. அங்கேயும் அணைந்து எழுந்தால் விண்டோஸ் நிரபராதி. அதை அழித்துப் புதிதாக நிறுவுவதால் யாதொரு பயனும் இல்லை. அங்கே அசையாமல் நின்று, விண்டோஸில் மட்டும் வீழ்ந்தால் மென்பொருளை ஐயுறத் தொடங்கலாம். எனினும், வேலைப்பளு கூடும்போது மட்டும் தலைகாட்டும் வெப்பமும் நலிந்த மின்வழங்கியும் இச்சோதனையில் தப்பிவிடக்கூடும்.

விண்டோஸ் மறைக்கும் செய்தி

மென்பொருள் பிழை நேரும்போது, விண்டோஸ் நீலத்திரையில் காரணத்தைக் காட்டும். ஆனால் அது படிப்பதற்குள் மறைந்து, கணிப்பொறி மறுபடி தொடங்கிவிடும். ‘திஸ் பிசி’ என்பதன் மீது வலப்பொத்தானை அழுத்தி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’, அதில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’, அதில் ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி’ எனச் சென்று, ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை அப்படியே நிற்கும். அதிலுள்ள வாசகத்தைக் கைப்பேசியால் படமெடுத்து, அறிந்தவரிடம் காட்டலாம்.

‘ஈவென்ட் வியூவர்’ என்னும் நிகழ்ச்சிப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்ற குறிப்பைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். “கணிப்பொறி முறையாக மூடப்படாமலே மறுபடி தொடங்கியது” என்பதே அதன் பொருள். அது காரணத்தைச் சொல்வதன்று. நீலத்திரையே வராமல் இக்குறிப்பு மட்டும் இருந்தால், மின்சாரத்தின் பக்கம் பார்வையைத் திருப்புங்கள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றுடன் முடிவடைந்துவிட்டது. அதைச் சொல்லி, “பழைய விண்டோஸ் என்பதால்தான் அணைகிறது” என்று யாரேனும் கூறினால் நம்பிவிட வேண்டாம். பாதுகாப்புக் கருதி மாற்றுவது வேறு. அணைந்து எழுவதற்குக் காரணம் காண்பது வேறு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள்! மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஐயம் இருந்தால், நல்ல நிலையிலுள்ள வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவல் வாங்கி, அறிந்தவரைக் கொண்டு பொருத்திப் பாருங்கள்.

இரண்டாம் மடல்

சகோதரியின் இரண்டாம் மடலுடன் அவரது குறிப்பேட்டின் ஒரு பக்கமும் இணைந்திருந்தது. அழகிய கையெழுத்தில் ஏழு நாட்களுக்கான பதினோரு பதிவுகள். அவற்றுள் எட்டு, மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் ஏற்ற அதே நிமிடத்தில் நிகழ்ந்தவை. மற்ற மூன்றிலும் “விளக்கு மங்கிற்று” என்று குறித்திருந்தார். பயாஸ் திரையில் விட்டபோதும் ஒருமுறை அணைந்திருக்கிறது. இன்வெர்ட்டரைத் திருப்பிப் பார்த்தாராம். பொத்தான் ‘எக்கோ’ நிலையில் இருந்திருக்கிறது. அதை மாற்றிய பின், மடல் எழுதிய நாள் வரை கணிப்பொறி தானாக அணையவே இல்லையாம்.

“வெயிலில் நின்ற அம்மாவின் பிள்ளைக்கு விண்ணப்பம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. வளையல் கையிலேயே இருக்கிறது. கோப்புகளையெல்லாம் பென்டிரைவில் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்” என்று முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரியைப் படித்தபோது, என் உறவினரின் அத்தாவுடைய குரல் என் நினைவுக்கு வந்தது.

நேயர்களே! உங்கள் கணிப்பொறியும் இவ்வாறு தொல்லை தருமானால், பணப்பையைத் திறப்பதற்கு முன் குறிப்பேட்டைத் திறவுங்கள். ஒரு வாரப் பதிவைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் அவருக்கும் அது பேருதவி. அநாவசியச் செலவைச் சொல்வோரிடம் கேள்வி கேட்க உங்களுக்கும் அது துணை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் கோப்புகளைப் படியெடுத்துப் பாதுகாக்கும் முறைகளை விரிவாகக் காண்போம்.